டெஸ்ட் அசெர்ஷன்களை ரெஜெக்ஸால் மாற்றலாமா? வாசகர் கேள்விகள்

கேள்வி: பைத்தானில் 'செல்ஃப்.அசெர்ட்ஈக்வல்(அ, ஆ)' என்றிருக்கும் பழைய யூனிட்டெஸ்ட் அசெர்ஷன்களை (அ-வும் ஆ-வும் சமமா என்று சோதிக்கும் வரிகளை), இன்னொரு டெஸ்ட் கருவியான பைடெஸ்டுக்கேற்ப 'அசெர்ட் அ == ஆ' என்று மாற்ற ஒரே ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தைத் தேடிப் பிடிக்கும் குறியீடு) போதுமா?

போதாது. (.*), (.*) என்று எழுதினால் முதல் பகுதி கடைசிக் காற்புள்ளி வரை விழுங்கிவிடும், ஆ இருக்கும் இடத்தில் [1, 2] வந்தாலே வரி உடையும். அடைப்புக்குள் அடைப்பு எத்தனை ஆழம் என்று எண்ண பைத்தானின் ரெஜெக்ஸுக்குத் தெரியாது. எனவே எளிய வரிகளை மட்டும் பிடியுங்கள்: self\.assertEqual\(([^(),]+), ([^(),]+)\)$. மாற்றாக assert (\1) == (\2) என்று கொடுங்கள்; \1, \2 என்பவை பிடித்த இரு பகுதிகள். இந்த அடைப்புக்குறிகள் அவசியம். அ இருக்கும் இடத்தில் 'இ ஆர் ஈ' (இ அல்லது ஈ) இருந்து அடைப்பு இல்லாவிட்டால், இ உண்மையானதுமே டெஸ்ட் பாஸ் ஆகிவிடும். சிக்காத வரிகளைக் கையால் மாற்றுங்கள். நிறைய இருந்தால் லிப்சிஎஸ்டி போல சிண்டாக்ஸ் ட்ரீயை (கோடின் இலக்கண அமைப்பை) படிக்கும் கருவி வேண்டும்.

கேள்வி: மதிப்பு பொய்யா என்று சோதிக்கும் அசெர்ட்ஃபால்ஸை 'அசெர்ட்' ஆக்கி, உள்ளே இருப்பதற்கு முன்னால் 'நாட்' சேர்த்தால் போதும்தானே?

'நாட் (அ ஆர் ஆ)' என்று அடைப்போடு சேர்த்தால் போதும். அடைப்பு இல்லையென்றால் 'நாட்' அ-வை மட்டுமே மறுக்கும்.

கேள்வி: ஜாவாவின் டெஸ்ட் கருவியான ஜேயூனிட் 4-இலிருந்து 5-க்குப் போகிறோம். அசெர்ஷன்களில் முதல் ஆர்குமெண்டாக இருந்த, ஃபெயிலானால் காட்டும் செய்தியைக் கடைசிக்குத் தள்ள வேண்டும். எதில் கவனம் தேவை?

அசெர்ட்ட்ரூ, அசெர்ட்ஃபால்ஸ் இரண்டையும் முதலில் முடியுங்கள். மேற்கோளுக்குள் இருக்கும் செய்தியைப் பிடித்து, மீதியை அப்படியே முன்னால் நகர்த்தினால் போதும். விட்டுப்போன வரியை கம்பைலரே காட்டிவிடும். அசெர்ட்ஈக்வல்ஸில் அதே ரெஜெக்ஸை ஓட்டாதீர்கள். இரண்டே ஆர்குமெண்ட் உள்ள வரியில் முதல் ஸ்ட்ரிங் செய்தி அல்ல, எதிர்பார்க்கும் மதிப்பு. அதை நகர்த்தினால் டெஸ்ட் பாஸாகும். என்றாவது ஃபெயிலானால் எதிர்பார்த்ததும் வந்ததும் இடம் மாறித் தெரியும்.

எனக்கு மிகவும் பயம் தருவது அசெர்ட்நாட்ஈக்வல்ஸ். மூன்று ஆர்குமெண்டும் ஸ்ட்ரிங் என்றால், மாற்றாமல் விட்ட பழைய வரியும் ஜேயூனிட் 5-இல் கம்பைல் ஆகும். செய்தியை முதல் மதிப்போடு ஒப்பிட்டு, 'சமம் இல்லை' என்று பாஸ் செய்துகொண்டே இருக்கும். அந்த வரிகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் பாருங்கள். டைப்பைப் பார்த்து மாற்றும் ஓப்பன்ரீரைட் கருவியையும் பரிசீலியுங்கள்.

கேள்வி: மாற்றியதும் எல்லா டெஸ்டும் பச்சை (பாஸ்). மெர்ஜ் செய்யலாமா?

இப்போதே வேண்டாம். ஃபைலுக்கு ஃபைல், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அசெர்ஷன் எண்ணிக்கை ஒன்றுதானா என்று பாருங்கள். பிறகு டெஸ்ட் செய்யப்படும் கோடில் சில மதிப்புகளை வேண்டுமென்றே கெடுத்து ஓட்டுங்கள். சிவப்பாக வேண்டியது பச்சையாகவே நின்றால் அந்த ஃபைலை மெர்ஜ் செய்யாதீர்கள். பைடெஸ்ட் பழைய யூனிட்டெஸ்ட் கிளாஸ்களையும் ஓட்டும். ஆகவே ஒவ்வொரு ஃபைலாக நிதானமாக மாற்றலாம்.