கேள்வி – பதில்: 1.8 டிபி நூலகத்தை எதில் வைப்பது?

கே: ஸ்கேன் செய்த தமிழ் நூல்களும் பழைய இதழ்களுமாக, விண்டோஸ் கணக்கில் 1.8 டிபி சேர்ந்துவிட்டது. டிவிடியில் எழுதி வைக்கலாமா, ஹார்ட் டிஸ்க்தான் வாங்க வேண்டுமா? செலவு கையைக் கடிக்கக் கூடாது.
– வாசகர், பெரம்பூர்

ப: டிவிடியை மறந்துவிடுங்கள். ஒன்றில் 4.7 ஜிபிதான் பிடிக்கும். விண்டோஸ் காட்டும் 1.8 டிபி, தட்டுப் பெட்டியில் போடும் கணக்கில் ஏறக்குறைய 2 டிபி; அதற்கு 420-க்கு மேல் தட்டுகள் வேண்டும். 25 ஜிபி ப்ளூரே என்றாலும் 80. ஜிபிக்கு எத்தனை பைசா என்று பார்த்தால், 2.5 அங்குல யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கே மலிவு. ஆனால் 2 டிபி வாங்காதீர்கள். பெட்டியில் 2 டிபி என்று போட்டிருப்பதை விண்டோஸ் 1.81 என்றுதான் காட்டும். வாங்கிய அன்றே நிரம்பிவிடும். 4 டிபியில் இரண்டு வாங்கி, ஒன்றை வீட்டிலும் மற்றதை வேறு பேட்டையில் உள்ள உறவினர் வீட்டிலும் வையுங்கள். இரண்டும் ஒரே பீரோவில் இருந்தால், மழைவெள்ளத்தில் இரண்டும் சேர்ந்தே போகும். சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே பதியும் எஸ்எஸ்டி வேகமானதுதான். ஆனால் மின்சாரம் இல்லாமல் நாள்கணக்கில்லாமல் கிடந்தால் அதன் செல்களில் உள்ள மின்னூட்டம் கசியும். பரணில் போட்டுவைக்க ஏற்றதல்ல.

இந்த 2.5 அங்குல டிஸ்க்குகளில் பெரும்பாலானவை எஸ்எம்ஆர் வகை; அதாவது தடங்களை ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏற எழுதுபவை. அழித்து அழித்து எழுதினால் ஆமை வேகம்தான். நூலகத்துக்கு அது குறையே இல்லை. ஒருமுறை எழுதுகிறோம், பிறகு படிக்க மட்டும்தானே!

ஃபார்மேட் செய்யும்போது கவனம் தேவை. டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறைகளில் ஒன்றான எக்ஸ்ஃபேட்டில், இவ்வளவு பெரிய டிஸ்க்குக்கு விண்டோஸ் தானாக வைக்கும் கிளஸ்டர் (ஒரு கோப்புக்கு ஒதுக்கும் மிகச் சிறிய கட்டம்) 128 கேபி. 6 கேபி உரைக்கோப்பும் 128 கேபி இடத்தை அடைத்துக்கொள்ளும். அப்படி 2 லட்சம் கோப்புகள் இருந்தால், 1.2 ஜிபி சரக்குக்குச் சுமார் 25 ஜிபி இடம் போய்விடும். இன்னொரு முறையான என்டிஎஃப்எஸ்ஸில் கிளஸ்டர் 4 கேபிதான். எக்ஸ்ஃபேட்தான் வேண்டும் என்றால் சில்லறைக் கோப்புகளை ஜிப் செய்துவிடுங்கள்; நகலெடுப்பதும் வேகமாக முடியும்.

கோப்புப் பெயரில் நூலின் முழுத் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம் என்று எழுதித் தள்ள வேண்டாம். பிறகு லினக்ஸ் கணினிக்கு மாற்றினால், அதன் கோப்பு முறையான இஎக்ஸ்டி4-இல் பெயருக்கு 255 பைட்தான் எல்லை. யூனிகோடில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். 'கொ' என்பதே ('க' ஒன்று, ஒகரக் குறி ஒன்று என) இரண்டு குறிகள். ஆக, 85 குறிகளைத் தாண்டினால் நகல் பாதியில் நிற்கும்.

டெராகாப்பி என்ற நகலெடுக்கும் மென்பொருளில், நகல் சரியா என்று ஒப்பிடும் 'வெரிஃபை'யைப் போட்டு நகலெடுங்கள். டிஸ்க்கின் விளக்கு அணையும் முன் கேபிளைப் பிடுங்காதீர்கள்.

கே: 2 டிபி பென்டிரைவ் 600 ரூபாய்க்கு வாங்கினேன். கோப்புப் பெயர்கள் தெரிகின்றன. பிடிஎஃப் ஒன்றும் திறக்கவில்லை.
– வாசகர், குரோம்பேட்டை

ப: போலி. உள்ளே இருப்பது 32 அல்லது 64 ஜிபியாக இருக்கலாம். உள்ளே உள்ள சிப்பை 2 டிபி என்று பொய் சொல்லப் பழக்கியிருக்கிறார்கள். பெயர்ப்பட்டியல் பத்திரமாகப் பதிந்துவிடுகிறது. நிஜக் கொள்ளளவைத் தாண்டிய உள்ளடக்கம் காற்றில் போகிறது. சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், பில்லோடு வாங்கி, முதல் வேலையாக எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளை ஓட்டுங்கள். லினக்ஸ் என்றால் எஃப்3. டிரைவ் முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும். நொடிக்கு 20 எம்பி வேகத்தில் 2 டிபி எழுத மட்டும் 28 மணி நேரம். மூலக் கோப்புகளை அதுவரை அழிக்காதீர்கள்.

கே: கடற்கரைப் பக்கம் வீடு. உப்புக்காற்று டிஸ்க்கைக் கெடுக்குமா?
– வாசகர், திருவான்மியூர்

ப: முதலில் கெடுவது யுஎஸ்பி முனைதான், பச்சைப் பூத்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் மாற்றுங்கள். அரிசிப் பானையில் புதைப்பதால் தவிட்டுத் தூசிதான் சேரும். ஏசி அறையிலிருந்து எடுத்தால் அரை மணி நேரம் கழித்துச் செருகுங்கள்.