பட்டறையில் நிற்கும் பழைய பென்ஸ்: சாவி கையில் இருந்தாலும் எடுக்காதீர்கள்

மதுரை கே.கே.நகரிலிருந்து ஒரு வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். சாரம் இது. அப்பா ஆசைப்பட்டு 2021-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கிய மெர்சிடிஸ் பென்ஸ் எஸ்-கிளாஸ், 2010 ஜனவரியில் பதிவான வண்டி. அப்பா இப்போது இல்லை. காலையில் பார்த்தால் வண்டியின் முன்பக்க இடது மூலை இறங்கிக் கிடக்கிறது என்று பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு தனியார் பட்டறையில் விட்டார். இடது முன் ஏர் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட் (அந்த மூலையைக் காற்றால் தாங்கும் பாகம்), கம்ப்ரஸர் (அதற்குக் காற்று அடைக்கும் பம்ப்) இரண்டும் மாற்ற 1,85,000 ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் எஸ்டிமேட் வந்தது. நடுவில் கியர்பாக்ஸ் வேலையும் சேர்ந்து பில் 3,45,000 ஆனது. 2,25,000 கட்டிவிட்டு, 1,20,000 பாக்கி சொல்லி வண்டியை எடுத்து வந்தார். 12 நாளில் அதே மூலை மறுபடியும் இறங்கியது. திரும்பக் கொண்டுபோய் விட்டதற்கு, "இது வால்வ் பிளாக், வேற பார்ட், தனியா 90,000 ஆகும்" என்றார்கள். சண்டை வந்து நான்கு மாதமாக வண்டி அங்கேயே நிற்கிறது. பழைய பாக்கியும் நாளுக்கு 500 ரூபாய் ஷெட் வாடகையும் வைத்தால்தான் வண்டி என்கிறார்களாம்.

அவர் கேட்பது மூன்று. போலீசில் மோசடிப் புகார் கொடுக்கலாமா? மன உளைச்சலுக்கு 10 லட்சம் கேட்கலாமா? மச்சான் சொல்வதுபோல, வீட்டில் இருக்கும் இன்னொரு சாவியை வைத்து வண்டியை எடுத்துக்கொண்டு போய், கோயம்புத்தூரில் தெரிந்த மெக்கானிக்கை விட்டுப் பிரித்துப் பார்க்கலாமா?

என் பதில்:

அப்பா அந்த வண்டியைப் பார்த்துப் பார்த்து வைத்திருந்த கதையும், பட்டறைக்காரர் உங்கள் அம்மாவிடம் போனில் பேசிய விதமும் படிக்கவே வருத்தமாக இருக்கிறது. ஆனால் வழக்குக்கு அவற்றால் பயன் இல்லை. மனுவில் அரைப் பக்கத்துக்கு மேல் எழுதினால் படிக்கிறவருக்கு உங்கள் மேல் சந்தேகம்தான் வரும். இந்த விவகாரத்தில் சட்டப்படி ஒரே கேள்விதான். இப்போது காற்று கசிவது அவர்கள் மாற்றிய ஸ்ட்ரட்டிலா, வேறு இடத்திலா? அதற்கு இரண்டு தரப்பும் மறுக்க முடியாத சான்று இன்றைக்கு இல்லை. அதை உண்டாக்குவதுதான் உங்கள் வேலை. மச்சான் சொல்லும் வழி அதை ஒரே நாளில் அழித்துவிடும்.

கியர்பாக்ஸை முதலில் ஒதுக்கிவிடலாம். "என் அனுமதி இல்லாமல் செய்தார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்களே அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில், கியர்பாக்ஸுக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு போய்விட்டது என்று அவர் சொன்னதற்கு "சரிண்ணே, பாத்துப் பண்ணுங்க" என்று பதில் போட்டிருக்கிறீர்கள். அது அனுமதிதான், விலை கேட்காமல் கொடுத்த அனுமதி. அந்த 1,60,000 நியாயமான தொகையா என்று கேட்கலாம், வேலையையே நான் சொல்லவில்லை என்று வாதாட முடியாது.

மோசடிப் புகார் நிற்காது. பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவுக்கு, ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். இங்கே எஸ்டிமேட் இருக்கிறது, பில் இருக்கிறது, பாகம் மாற்றியிருக்கிறார்கள். ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) கிடைக்கும், இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவார்கள், அதோடு சரி. 10 லட்சத்தையும் மறந்துவிடுங்கள். 9 லட்சத்துக்கு வாங்கிய வண்டியின் ஒரு ரிப்பேருக்காக எந்த நுகர்வோர் ஆணையமும் அப்படிக் கொடுக்காது.

இனி வண்டியைப் பிடித்து வைப்பது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 170-இன்படி, ஒரு பொருள் மேல் உழைப்போ திறமையோ செலுத்தி வேலை செய்தவர், அந்த வேலைக்கான கூலி வரும்வரை பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். இது பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, இந்த உரிமை பொருள் கையில் இருக்கும்வரைதான் என்பது. முதல் வேலை முடிந்ததும் 1,20,000 பாக்கியோடு வண்டியை உங்களிடம் கொடுத்துவிட்டார்கள் அல்லவா? அந்தப் பாக்கிக்கான பிடிமானம், அதாவது வண்டியைப் பிடித்து வைக்கும் உரிமை, அன்றைக்கே போய்விட்டது. வேறொரு வேலைக்காக வண்டி மறுபடி உள்ளே வந்தது என்பதால் அது உயிர்பெறாது. கடன் கடன்தான், மூன்று வருடத்துக்குள் சிவில் கோர்ட்டில் வசூலுக்குப் போடலாம். ஆனால் அதற்காக வண்டியை நிறுத்திவைக்க முடியாது. ஷெட் வாடகையும் அப்படித்தான். அது நீங்கள் கேட்ட வேலைக்கான கூலி இல்லை. உங்கள் கையில் இருக்கும் பலமான சீட்டு இதுதான். பேச்சுவார்த்தையில் இதை வையுங்கள்.

அப்படியானால் சாவி போட்டு எடுத்துவிடலாமே என்று மச்சான் கேட்பார். கூடவே கூடாது. அதே நியாய சன்ஹிதாவில் திருட்டைச் சொல்லும் 303-வது பிரிவில், பழைய தண்டனைச் சட்டத்தின் 378-லிருந்து அப்படியே வந்த ஒரு உதாரணம் உண்டு. கடிகாரத்தை ரிப்பேருக்குக் கொடுத்தவர் கூலி பாக்கி வைத்திருக்கிறார், கடைக்காரர் அதற்கு ஈடாகக் கடிகாரத்தை முறைப்படி வைத்திருக்கிறார். அந்த ஈட்டைப் பறிக்கும் எண்ணத்தோடு சொந்தக்காரரே கடிகாரத்தை எடுத்துப்போனால் அது திருட்டு. உங்கள் விஷயத்தில் பழைய பாக்கிக்குப் பிடிமானம் இல்லை என்று நான் சொல்கிறேன். ஆனால் இரண்டாவது முறை வண்டி வந்தபோது கம்ப்யூட்டரில் இணைத்து ஸ்கேன் போட்டுப் பார்த்ததற்கு ஒரு கூலி நிற்கிறது, அதுவே போதும் அவருக்கு. நடுராத்திரியில் பட்டறைப் பூட்டைத் திறந்தீர்கள் என்றால் அத்துமீறலும் சேரும். நாளைக்கு முன்ஜாமீனுக்காக ஒத்தக்கடைப் பக்கம் உயர் நீதிமன்றக் கிளைக்கு அலையப்போவது நீங்கள், அவர் இல்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து கோயம்புத்தூர். நியாயம் தங்கள் பக்கம் இருந்தும் பழைய ஜெர்மன் கார் வைத்திருப்பவர்கள் தோற்றுப்போவதை நான் அதிகம் பார்த்தது இந்த இடத்தில்தான்.

என்னிடம் வழக்குக்கு வந்த தேனிப் பக்கத்துக் கட்சிக்காரர் ஒருவரின் கதையைச் சொல்கிறேன். டீசல் கார், டைமிங் செயின் இஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிற வகை. செயினை மாற்ற இஞ்சினையே இறக்க வேண்டும். ஒரு பட்டறை மாற்றிக் கொடுத்தது. சில வாரத்தில் செயின் அறுந்து வால்வுகள் வளைந்துபோயின. இவர் கோபத்தில் வண்டியை ரெக்கவரி வண்டியில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பினார். அங்கே இஞ்சினைப் பிரித்தார்கள், போட்டோ எடுத்தார்கள், "முந்தைய வேலை சரியில்லை" என்று லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கப்புறம்தான் என்னிடம் வந்தார். எதிர்த்தரப்பு கேட்டது எல்லாம் நியாயமான கேள்விகள். பிரிக்கும்போது எங்களைக் கூப்பிட்டீர்களா? போட்டோவில் இருப்பது அந்த வண்டியின் செயின்தான் என்று எப்படி நம்புவது? எழுதிக் கொடுத்தவர் இதே தொழிலில் இருப்பவர், அடுத்த பில்லை வாங்கப்போகிறவர், அவர் எப்படி நடுநிலை நிபுணர் ஆவார்? அறுந்த செயின் எங்கே? செயின் பழைய இரும்புக்குப் போயிருந்தது. மனு தள்ளுபடி. பட்டறை தப்பு செய்தது என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 38-வது பிரிவு, சோதனை செய்யாமல் பொருளின் குறையைச் சொல்ல முடியாது என்றால் மாதிரியை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்கிறது. அனுப்புவதற்குப் பொருள் பிரிக்காமல் இருக்க வேண்டும். குறையை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில்தான் இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள்.

பட்டறையின் எதிர்வாதம் எப்படி இருக்கும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏர் சஸ்பென்ஷனில் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் பை. ரப்பர் வயதாகி விரிசல் விட்டால் காற்று கசியும், கசிவை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி அதுவும் போகும். நடுவில் எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு காற்று என்று பிரித்து விடுவது வால்வ் பிளாக். "15 வருட வண்டி, ஒன்றை மாற்றினால் அடுத்தது போகும், அதற்கு நாங்கள் பொறுப்பா?" என்பார்கள். கேட்பவருக்கு இது நியாயமாகத்தான் படும். இதை உடைக்கும் வழி பெரிய விஞ்ஞானம் இல்லை. ஸ்ட்ரட், குழாய் இணைப்பு, வால்வ் பிளாக் மூன்றிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தால் கசியும் இடத்தில் நுரை வரும். நான்கு மூலையின் உயரத்தையும் சாயங்காலம் ஒரு முறை, காலையில் ஒரு முறை அளந்து எழுத வேண்டும். ஸ்கேன் ரிப்போர்ட்டை பிரிண்ட் எடுக்க வேண்டும். லைசென்ஸ் உள்ள மோட்டார் சர்வேயர் (இன்சூரன்சுக்காக வண்டிச் சேதத்தை மதிப்பிடுபவர்) ஒருவரைச் சம்பளம் கொடுத்து நிறுத்தி, பட்டறைக்காரர் முன்னிலையில் இதைச் செய்து, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டால் பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். கசிவு ஸ்ட்ரட்டில் என்றால் அவர்கள் பொறுப்பு. வால்வ் பிளாக்கில் என்றால், முதல் தடவையே இந்தச் சோதனையைச் செய்யாமல் 1,85,000 ரூபாய்க்கு பாகம் மாற்றியது ஏன் என்ற கேள்வி மட்டும் மிஞ்சும். அதுவும் கேள்விதான், ஆனால் பலம் குறைந்தது.

அதே நேரத்தில் ஸ்ட்ரட்டின் லேபிளையும் படம் எடுங்கள். பில்லில் "ஒரிஜினல்" என்று போட்டிருக்கிறது. உங்கள் மாடலுக்கான மெர்சிடிஸ் பாக எண் ஏ 221 என்று ஆரம்பிக்கும். மாட்டியிருப்பது பெயர் தெரியாத வெளிச் சரக்கு என்றால் பேச்சின் போக்கே மாறிவிடும். கழற்றிய பழைய ஸ்ட்ரட்டையும் கம்ப்ரஸரையும் எழுத்தில் கேளுங்கள், அவை உங்கள் சொத்து.

ஒரு விஷயம் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் வருகிறது, எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது: "ஆர்.சி. இன்னும் அப்பா பேரில்தான்." சொந்தக்காரர் இறந்தால் 30 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றத்துக்கு மனு கொடுக்க வேண்டும். சொந்தச் சேதத்துக்கான இன்சூரன்சும் இறந்த நாளிலிருந்து மூன்று மாதம் அல்லது பாலிசி முடியும் நாள், எது முந்தியோ அதுவரைதான் தாங்கும். அதோடு 2010 பதிவுக்கு 15 வருடம் 2025 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. எஃப்.சி. (தகுதிச் சான்று) பார்த்துப் பதிவைப் புதுப்பித்ததாக நீங்கள் எங்கேயும் எழுதவில்லை. புதுப்பிக்காமல் ரோட்டில் ஓட்டுவது பதிவில்லாத வண்டியை ஓட்டுவதற்குச் சமம். தற்காலிகப் பதிவு காலாவதியான வண்டிகளுக்கு இன்சூரன்ஸ் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2014-லும் 2021-லும் சொல்லியிருக்கிறது, அதே வாதத்தை உங்கள் மேலும் வைப்பார்கள். பட்டறையிலிருந்து கே.கே.நகர் வரும் வழியில் ஒருவர் மேல் இடித்தால், இந்த 3,45,000 எல்லாம் ஒரு தொகையாகவே இருக்காது. வண்டி வெளியே வருவது ரெக்கவரி வண்டியின் மேல்தான் வர வேண்டும். அம்மா, அக்கா கையெழுத்துகளை இந்த வாரமே வாங்கிப் பெயர் மாற்ற வேலையைத் தொடங்குங்கள்.

சரி, வழக்குப் போடலாமா? போடலாம், நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் இல்லை. சட்டம் மூன்று மாதம், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்கிறது. நடைமுறையில் அதற்குள் முடியாது. அதுவரை வண்டி இறங்கிய நிலையில் ஷெட்டில் நிற்கும், டயர் ஒரு பக்கம் தட்டையாகும், எலி ஒயரைக் கடிக்கும். ஜெயித்து வெளியே எடுக்கும்போது எஃப்.சி. வாங்க இன்னொரு 3 லட்சம் ஆகலாம். புதிதில் கோடியை நெருங்கிய வண்டி இது. நீங்கள் வாங்கிய விலை குறைந்ததே தவிர, பாகத்தின் விலை குறையவில்லை. உங்கள் வழக்கின் மதிப்பை விட வழக்கு நடக்கும் காலத்தின் செலவு அதிகம். அதனால் நேராகச் சொல்கிறேன், சமாதானமாகப் போங்கள்.

எப்படி என்றால், மேலே சொன்ன கூட்டுச் சோதனைக்கு அவரை ஒப்புக்கொள்ள வையுங்கள். கசிவு ஸ்ட்ரட்டில் என்றால் அவர் செலவில் மாற்ற வேண்டும். வால்வ் பிளாக்கில் என்றால் பாகத்தின் விலையை நீங்கள் கொடுங்கள், கூலி அவர் விட்டுக்கொடுக்கட்டும். வாடகை எந்த நிலையிலும் கிடையாது. 1,20,000 பாக்கியில் 80,000 தருவதாக ஆரம்பியுங்கள், ஒரு லட்சம் வரை போகலாம். பாதியை வேலை தொடங்கும்போது கொடுங்கள், மீதியை வண்டி இரண்டு ராத்திரி நின்று உயரம் குறையாமல் இருந்த பிறகு. "முழு திருப்தி" என்று அச்சடித்த டெலிவரி சீட்டில் அதற்கு முன்னால் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், "ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று உங்கள் கையால் எழுதி, அதன் கீழே போடுங்கள்.

கூட்டுச் சோதனைக்கே ஒத்துவரவில்லை என்றால் பதிவுத் தபாலில் நோட்டீஸ், பிறகு ஆணையத்தில் மனு. மனுவோடு இரண்டு இடைக்கால மனுக்கள்: வண்டியை நிபுணர் பார்வையிட ஒன்று, சர்ச்சைத் தொகையை டெபாசிட் கட்டி வண்டியை விடுவிக்க ஒன்று. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் உங்களுக்கு இருக்கிறது, அவசரம் வண்டிக்குத்தான்.

நோட்டீஸ் எழுதும் முன், வண்டியை விடும்போது பட்டறை எழுதிய ஜாப் கார்டின் பின்பக்கத்தை உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள். அங்கே பொடி எழுத்தில் வாடகை பற்றியோ பழைய பாக்கி பற்றியோ ஒரு வரி இருந்து, அதன் கீழே உங்கள் கையெழுத்தும் இருந்தால், பிடிமானம் பற்றி மேலே நான் சொன்னது மாறலாம். அப்போது 80,000-இல் ஆரம்பிக்காமல் நேராக ஒரு லட்சத்திலேயே பேசுங்கள்.