உண்மைச் சாவைப் படமாக்குவதற்கு முன்: கேள்வி பதில்

நவீன்: சார், இறந்தவர் வீட்டில் சம்மதம் வாங்கியே ஆகணுமா?

நடந்தது நீதிமன்ற ஆவணத்தில் இருந்தால் சட்டப்படி கட்டாயமில்லை. பொது ஆவணத்தில் உள்ளதை அனுமதியின்றி வெளியிடலாம் என்று ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிடுவது பற்றிய வழக்கில் 1994-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆவணத்தில் இல்லாத படுக்கையறைச் சண்டையைச் சேர்த்தால் அந்தப் பாதுகாப்பு அதற்குக் கிடைக்காது. அதனால் திரைக்கதையில் ஒவ்வொரு காட்சியின் ஓரத்திலும் எழுதி வையுங்கள்: தீர்ப்பு என்றால் எந்தப் பத்தி, பேட்டி என்றால் எந்தத் தேதி, இல்லையென்றால் 'கற்பனை'. உண்மைப் பெயர் கொண்டவர் 'கற்பனை'க் காட்சியில் குற்றம் செய்கிறாரா? முதலில் அதை வெட்டுங்கள்.

1997-இல் வந்த 'டைட்டானிக்' இதில்தான் சறுக்கியது. கப்பலின் முதல் அதிகாரி வில்லியம் மர்டாக் பயணியைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொள்வதாகக் காட்டினார்கள். உறுதியான ஆதாரம் கிடையாது. மறு வருடம் பட நிறுவனத்தின் அதிகாரி ஸ்காட்லாந்தில் மர்டாக்கின் சொந்த ஊரான டால்பீட்டிக்கே போய் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

செல்வி: பாலியல் வன்கொடுமையில் இறந்த பெண்ணின் கதை. பெயரைப் போடச் சொல்லி அம்மாவே கேட்கிறார். போடலாமா அண்ணா?

கூடாதும்மா. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை. இறந்துவிட்டாலும் உறவினர் சம்மதம் மட்டும் போதாது, செஷன்ஸ் நீதிபதிதான் முடிவெடுக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2018 நிபுன் சக்சேனா வழக்குத் தீர்ப்பு. ஊர், பள்ளிச் சீருடை, வீட்டு வாசல் எல்லாம் அப்படியே இருந்தால் பெயரை மாற்றியும் பயனில்லை.

இம்ரான்: மற்ற வழக்குகளில் பெயரை மாற்றினால் போதும்தானே?

போதாது. 'ஜெய் பீம்' 1993-இல் கடலூர் மாவட்டத்தில் நடந்த லாக்கப் மரணத்தைச் சொன்ன படம். அதில் எஸ்.ஐ. பெயரை மாற்றியிருந்தார்கள். ஆனால் அவருக்குப் பின்னால் சில நொடிகள் தெரிந்த காலண்டரில் ஒரு சமூகத்தின் அடையாளம் இருந்தது. சர்ச்சை வெடித்த பிறகு அந்தக் காலண்டர் படத்தை மாற்றினார்கள். வக்கீல் திரைக்கதையை மட்டும் படித்தால் இது கண்ணில் படாது. கலை இயக்குநரின் பொருள் பட்டியலையும் அவரிடம் கொடுங்கள்.

மீனா: குடும்பத்துக்குப் பணம் எப்படிக் கொடுப்பது?

சம்மதப் பத்திரத்தையும் பண ஒப்பந்தத்தையும் ஒரே தாளில் போடாதீர்கள். கையில் காசை வைத்துவிட்டுக் கேட்டால் கஷ்டத்தில் இருப்பவர் எப்படி மறுப்பார்? பத்திரம் அவர்கள் மொழியில் இருக்கட்டும், வாசித்துக் காட்டுங்கள், யோசிக்க ஒரு வாரமாவது விடுங்கள். சாவுக் காட்சியைப் படப்பிடிப்புக்கு முன்பே எழுத்தில் காட்டிவிட வேண்டும். ரிலீசுக்கு முதல் நாள் பிரிவ்யூவில் கூப்பிட்டு உட்கார வைப்பது கொடுமை. அப்போது அவர்கள் வேண்டாமென்றாலும் எதையும் மாற்ற முடியாது.