கேம்பிசன்: கை தூக்கினால் உடுப்பே மேலேறுகிறது

கையைத் தூக்கினால் கேம்பிசன் (பல அடுக்குத் துணியில் தைத்த, பழங்காலப் போர்வீரரின் தடித்த மேலுடுப்பு) முழுக்கக் கழுத்துக்கு ஏறுகிறது, அடுக்கைக் குறைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குறைக்காதீர்கள். கோளாறு தடிமனில் இல்லை, கை வெட்டில். சாதாரணச் சட்டை மாதிரி தோள் எலும்பின் மேல் கையைப் பொருத்தியிருக்கிறீர்கள். தடித்த துணி அங்கே மடியாது. கை உயர்ந்தால் விலாப்பக்கத்தையும் இழுத்துக்கொண்டு போகும்.

பிரான்சில் பதினோராம் லூயி (1461–1483) காலத்து ஆணை ஒன்று, படைவீரரின் இதேபோன்ற உடுப்புக்கு 25, 30 அடுக்கு லினனும் ஒரு மான் தோலும் கேட்கிறது. அவ்வளவு தடிமனிலும் கை அசைய வழி சொல்கிறது: ஆர்ம்ஹோல் (கையைப் பொருத்தும் திறப்பு) பெரிதாக, காலரை ஒட்டி வரவேண்டும், அக்குளில் துணி தாராளமாக இருக்கவேண்டும். உடுத்தித் தேய்ந்து மெத்தென்றான துணியே நல்லது என்கிறது. அருமையான யோசனை அது.

கைகளைப் பிரித்துவிட்டு, ஆர்ம்ஹோலை மார்பிலும் முதுகிலும் சுமார் 4 செ.மீ. உள்ளே வெட்டுங்கள். அக்குளில் மட்டும் கீழே இறக்காதீர்கள், இழுப்பு கூடிவிடும். அங்கே கையோடு சேர்த்து முக்கோணத் துண்டு வையுங்கள்.

புதுக் கைக்கு, அடுக்குகளைத் தைத்து முடித்த பிறகே அளவெடுத்து வெட்டுங்கள். வரித்தையல் போடப்போட அகலம் சுருங்கும். முதலிலேயே வெட்டினால் கை இறுகிவிடும். பழைய போர்வைத் துணியில் ஒரு கையை ஓட்டுத்தையல் போட்டு, வாள் ஓங்கிப் பார்த்துவிட்டு லினனில் கத்திரி வையுங்கள்.