முதலில் நம் ஆட்களைத் தேடுங்கள், தம்பி

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அக்கா, எனக்கு 24 வயது. அம்பத்தூரில் வீடு, கந்தன்சாவடியில் ஐ.டி. வேலை. நான் திருநம்பி, பெண்ணாய்ப் பிறந்து ஆணாக உணர்பவன். போன வருடம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஒரு மனநல கவுன்சிலரிடம் போனேன். "கல்யாணம் ஆனால் எல்லாம் மாறிடும்" என்றார். அதோடு விடாமல், என்னைக் கேட்காமலே அம்மாவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை, எனக்குத் தூக்கமும் இல்லை. சப்போர்ட் குரூப் தேடினால் திருநங்கையர் அமைப்புகள்தான் கண்ணில் படுகின்றன. எனக்கு ஏற்ற ஆளை எங்கே தேடுவது?
– பெயர் வேண்டாம், சென்னை-53

பதில்: தம்பி, அந்தக் கவுன்சிலர் செய்தது அநியாயம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இப்படி அடிபட்டு வருகிற பிள்ளைகள் "நான்தான் சரியாகச் சொல்லவில்லையோ" என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். நீங்கள் சரியாகத்தான் சொன்னீர்கள். மனநல சிகிச்சையில் பேசுவதை ரகசியமாக வைத்திருப்பது நோயாளியின் உரிமை என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைமைகளில்தான் விலக்கு. ஒருவர் தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ உணர்வதையே "மாற்றிக் காட்டுகிறேன்" என்று கிளம்பும் சிகிச்சைகளை, 2021 ஜூன் 7 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய உத்தரவில் சென்னை உயர் நீதிமன்றம் தடை செய்தது. தேசிய மருத்துவ ஆணையமும் 2022-இல் அதை மருத்துவர்களுக்கான ஒழுங்கீனம் என்று அறிவித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும், திருநராக (திருநங்கையாகவோ திருநம்பியாகவோ) இருப்பது இப்போது மனநோய் வரிசையில் இல்லை. உங்களிடம் குணப்படுத்த வேண்டியது ஒன்றுமில்லை. தூக்கம் போனதற்கும் பயத்துக்கும்தான் உதவி வேண்டும்.

முதலில் கவுன்சிலர், அப்புறம் குரூப் என்று நீங்கள் போன வரிசையை நான் மாற்றச் சொல்வேன். தெரபிஸ்ட்டை (மனநல ஆலோசகரை) அப்புறம் தேடலாம், முதலில் நம் ஆட்களைத் தேடுங்கள். யார் காது கொடுத்துக் கேட்கிறார், யார் வீட்டுக்குப் போன் போடுகிறார் என்பது போர்டில் எழுதியிருக்காது. ஏற்கெனவே போய்வந்தவர்களுக்குத் தெரியும்.

இதில் திருநம்பிகளுக்குக் கூடுதல் கஷ்டம் இருப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வீட்டைவிட்டு வந்தபோது, திருநங்கையான எனக்கு ஜமாத்தில், அதாவது திருநங்கைகள் சேர்ந்து அமைத்துக்கொள்ளும் குடும்பத்தில், ஓர் அம்மா கிடைத்தார், நானி (பாட்டி) கிடைத்தார். சண்டையும் உண்டு, கெடுபிடியும் உண்டு, ஆனால் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தர ஓர் ஆள் இருந்தது. திருநம்பிகளுக்கு அப்படிக் காலங்காலமாக வந்த ஒரு வீடு இல்லை. பெரும்பாலானவர்கள் பெற்ற வீட்டிலேயே அடைபட்டுக் கிடக்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்கிறார்கள்.

ஆனாலும் திருநங்கையர் அமைப்பு என்று நினைத்து ஒதுங்காதீர்கள். சென்னையில் 'ஓரினம்' 2003-இலிருந்து இயங்குகிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் தகவல் தருகிறார்கள், நம்மைப் புரிந்துகொள்ளும் ஆலோசகர்கள் யார் என்று அவர்களிடம் கேட்கலாம். 'சகோதரன்' 1998-இல் தொடங்கியது, 'நிறங்கள்' என்று இன்னொன்றும் இருக்கிறது. எங்கே போனாலும் நேராக ஒன்றைக் கேளுங்கள்: "எனக்கு முன்னால் இந்தப் பாதையில் வந்த திருநம்பி அண்ணன் ஒருவரிடம் பேச வேண்டும்." குரூப் என்றால் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார வேண்டும் என்றில்லை. மார்பை இறுக்கிக் கட்டும் பைண்டரை எத்தனை மணி நேரம் கட்டலாம், எப்போது கழற்றியே ஆக வேண்டும், ஆபீஸில் ஹெச்.ஆரிடம் பெயர் மாற்றத்தை எப்படி ஆரம்பிப்பது, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை ஏன் கடையில் வாங்கித் தானே போட்டுக்கொள்ளக் கூடாது, இதையெல்லாம் பட்டறிந்த ஒருவர் சொல்லிக் கேட்பதே பெரிய ஆதரவு.

ஓர் எச்சரிக்கை. வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்தால் உங்கள் நம்பர் எல்லாருக்கும் தெரியும். நிர்வகிக்கிறவரோடு முதலில் தனியாகப் பேசுங்கள், முகம் தெரியும் டி.பி.யை எடுத்துவிடுங்கள், முதல் சந்திப்பை நாலு பேர் நடமாடும் இடத்தில் வையுங்கள். "இன்னும் ஆபரேஷன் பண்ணலையா? அப்போ நீ எப்படி ஆம்பளை?" என்று அளந்து பார்க்கிற குரூப்பாக இருந்தால் வெளியே வந்துவிடுங்கள். வெளி உலகம் நம்மை அளப்பது போதும்.

சரி, தெரபிஸ்ட். பணம் கட்டும் முன் போனிலேயே கேளுங்கள். "திருநர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா? என்னை எந்தப் பெயரில் கூப்பிடுவீர்கள்? என் வீட்டிலிருந்து போன் வந்தால் என்ன சொல்வீர்கள்?" மூன்றாவது கேள்விக்கு "உங்களிடம் கேட்காமல் ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்று உடனே பதில் வர வேண்டும். இழுத்தால் அவர் வேண்டாம். "முதலில் பேரன்ட்ஸைக் கூட்டிட்டு வாங்க", "சின்ன வயசில் ஏதாவது தப்பா நடந்ததா?" என்று ஆரம்பித்தாலும் வேண்டாம். அனுபவம் இல்லை என்று நேர்மையாகச் சொல்லி, கற்றுக்கொள்ளத் தயாராக இருப்பவரை நான் உடனே ஒதுக்க மாட்டேன். ஆனால் உங்கள் நேரத்தில் அவருக்குப் பாடம் நடத்துவது உங்கள் வேலை இல்லை. நல்ல தெரபிஸ்ட்டுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. மேனேஜர் தொல்லையைப் பற்றிப் பேசப் போனால் மேனேஜரைப் பற்றித்தான் பேசுவார், எல்லாவற்றையும் பாலினத்தில் கொண்டுபோய் முடிக்க மாட்டார்.

ஹார்மோன், அறுவை சிகிச்சை என்று யோசித்தால் பெரும்பாலும் மனநல மருத்துவரின் கடிதம் கேட்பார்கள். தூக்கம், பயம் போன்றவற்றுக்கு மனநல மாத்திரை எழுதுவதும் அவர்தான், கவுன்சிலரால் முடியாது. கடிதம் தரும் டாக்டரும் வாராவாரம் மனம்விட்டுப் பேசும் ஆளும் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லை. வேறு வேறாக இருந்தால் நல்லது என்பேன். கடிதம் கிடைக்காதோ என்ற பயத்தில் அழுகையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

இதற்கெல்லாம் நாளாகும். அதுவரை ராத்திரி தாங்க முடியாமல் போனால், உயிரே வேண்டாம் என்று ஒரு நொடி தோன்றினாலும், 14416-க்கு அடியுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. சென்னையில் 1986-இலிருந்து இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான 'சிநேகா'வின் எண் 044-24640050. பெயர் சொல்லாமலே பேசலாம்.

கேள்வி: மேடம், என் பையன் தன்னைப் பெண் என்கிறான். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறான். டாக்டரிடம் காட்டலாமா? எனக்கு அழ வேண்டும் போல இருக்கிறது, யாரிடமும் சொல்ல முடியவில்லை.
– ஒரு தாய், வில்லிவாக்கம்

பதில்: அம்மா, நீங்கள் அழுங்கள். ஆனால் அந்தப் பிள்ளையின் முன்னால் தினமும் வேண்டாம், தன்னால்தான் அம்மா அழுகிறாள் என்ற பாரத்தைச் சுமக்க வைத்துவிடும். உங்களுக்கென்று தனியாக ஓர் ஆலோசகர் வேண்டும். இதே நிலையைக் கடந்து வந்த பெற்றோரிடம் பேச முடியுமா என்று மேலே சொன்ன அமைப்புகளில் கேளுங்கள்.

மேலே சொன்ன 2021 தீர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. ஒருவரையொருவர் காதலித்து வீட்டைவிட்டு வந்த இரண்டு பெண்களின் வழக்கு அது. நீதிபதி பெற்றோரையும் ஆலோசனைக்கு அனுப்பினார். அதோடு, தனக்கே இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை என்று சொல்லி ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, அதைத் தன் உத்தரவிலேயே எழுதினார். உயர் நீதிமன்ற நீதிபதியே கற்றுக்கொள்ள நேரம் எடுத்துக்கொண்டார். நீங்களும் எடுத்துக்கொள்ளலாம்.

பிள்ளையை "மாற்ற" எந்த டாக்டரிடமும் கூட்டிப் போகாதீர்கள். தனக்குப் பேச ஆள் வேண்டும் என்று அவளே கேட்டால் கூடப் போங்கள், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள். என்ன பெயரில் கூப்பிட வேண்டும் என்று இன்று ராத்திரி சாப்பாடு போடும்போது கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஒரு சிட்டிங்குக்கு 1,500 ரூபாய் கேட்கிறார்கள். கடை வேலையில் இருக்கும் திருநங்கை நான். எங்கே போவது?
– தாம்பரம்

பதில்: அரசு மருத்துவமனைக்குப் போங்கள், தங்கச்சி. சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் திருநர்களுக்கென்று தனி கிளினிக் இருக்கிறது, எந்தக் கிழமை என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலும் ஓ.பி. உண்டு. உள்ளே சேர்த்துவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம், பார்த்துவிட்டு வீட்டுக்கு வரலாம். தனியாரிடமே போக விரும்பினால் "கட்டணத்தைக் குறைப்பீர்களா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சம்பளத்துக்கு ஏற்ப வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

காலையிலேயே போய்விடுங்கள். ஓ.பி. சீட்டில் ஆதாரில் உள்ள பழைய பெயரை எழுதினால், டாக்டர் அறைக்குள் போனதும் உங்கள் பெயரைச் சொல்லி அதையே கூப்பிடச் சொல்லுங்கள். வெளியே கூட்டத்தில் சத்தமாகப் பழைய பெயரைக் கூப்பிடுவார்களே என்று தயக்கமாக இருந்தால், சீட்டுக் கொடுக்கும் நர்ஸிடம் "டோக்கன் நம்பரைச் சொல்லிக் கூப்பிடுங்க சிஸ்டர்" என்று முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.