அமெரிக்கர்கள் ஏன் இரு முகாம்களாகப் பிரிந்தார்கள்?

ஒரே அரசியல் சாசனத்தைப் போற்றும் அமெரிக்கர்கள் ஏன் இவ்வளவு பிளவுபட்டார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த அதிபர் லிண்டன் ஜான்சன் 1964-இல், இனப் பாகுபாட்டைத் தடைசெய்த சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்ட பிறகு, அதுவரை அக்கட்சியின் கோட்டையாக இருந்த தென் மாநிலங்களின் வெள்ளையர்கள் படிப்படியாகக் குடியரசுக் கட்சியின் பக்கம் சாய்ந்தனர். இனம், மதம், வாழும் ஊர் என எல்லாமே மெல்ல மெல்லக் கட்சி அடையாளத்தோடு ஒட்டிக்கொண்டன. கொள்கை வேறுபாட்டைவிட இந்த ஒட்டுதலே ஆபத்தானது என்பது என் கருத்து. தம் பிள்ளை மற்றக் கட்சியை ஆதரிக்கும் குடும்பத்தில் மணம் முடித்தால் வருந்துவோம் என்று 1960-இல் கருத்துக்கணிப்பில் சொன்னவர்கள் சுமார் 5 விழுக்காடு. 2010-இல் குடியரசுக் கட்சியினரில் ஏறக்குறைய பாதிப்பேர் அப்படிச் சொன்னார்கள். தேசப்பற்று இரு தரப்பிலும் குறையவில்லை, தேசம் என்பது யாரைக் குறிக்கிறது என்பதில்தான் மோதல்; 2021 ஜனவரி 6 அன்று, தேர்தல் தோல்வியை ஏற்காத அதிபர் டிரம்ப்பின் ஆதரவாளர்கள் முற்றுகையிட்ட நாடாளுமன்றக் கட்டடத்தின் வாசலில், தேசியக் கொடி கட்டிய கம்பாலேயே ஒரு காவலர் தாக்கப்பட்டார்.