நிலத்தடி வெப்பமும் கூரைச் சூரியனும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

குளிர்காலக் கட்டணச் சீட்டுகள் வீட்டுக்கு வந்த பிறகு, வெப்பமூட்டும் செலவைக் குறைப்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பெரும்பாலானவை ரொறன்ரோ பெரும்பாகத்திலிருந்து வந்தவை. இலண்டனிலிருந்து ஒன்றும், சென்னையில் உள்ள பெற்றோர் வீட்டைப் பற்றி ஒன்றும் உண்டு.

மார்க்கமில் எங்கள் வீட்டு எரிவாயு ஃபர்னஸ் ஆயுள் முடியும் நிலையில் இருக்கிறது. புவிவெப்ப ஹீட் பம்ப் வைத்தால் செலவு பாதியாகும் என்கிறார்கள். உண்மையா?

நீங்கள் இப்போது எதை எரிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே இதற்கு விடை சொல்ல முடியும். தெற்கு ஒன்ராறியோவில் சில மீட்டர் ஆழத்துக்குக் கீழே மண்ணின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 8 முதல் 10 பாகை செல்சியஸ் வரை நிலையாக இருக்கிறது. ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்றுகளில் கிடைக்கும் பூமியின் ஆழத்து வெப்பம் அல்ல இது. பெரும்பங்கு கோடையில் மண் உள்வாங்கிய சூரிய வெப்பமே. வெளியே காற்று உறைநிலைக்கு வெகு கீழே போனாலும் நிலத்துக்குள் இந்த வெப்பம் இருப்பதால், வெப்பத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தும் மின் இயந்திரமான ஹீட் பம்ப், நிலத்துக்குள் புதைத்த குழாய்கள் வழியே அதை எடுத்து, ஒரு யூனிட் (கிலோவாட் மணி) மின்சாரத்தைச் செலவழித்து மூன்று முதல் நான்கு யூனிட் வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டுவருகிறது.

இனி கணக்கு. ஒரு கன மீட்டர் எரிவாயுவில் ஏறக்குறைய 10.5 யூனிட் ஆற்றல் இருக்கிறது. 95 விழுக்காடு செயல்திறன் உள்ள புதிய ஃபர்னஸ் அதிலிருந்து 10 யூனிட் வெப்பத்தைத் தரும். அதே 10 யூனிட்டை 3.5 மடங்கு திறனுள்ள ஹீட் பம்ப் தருவதற்கு 2.9 யூனிட் மின்சாரம் வேண்டும். ஆகவே உங்கள் சீட்டை எடுத்து, விநியோகம், போக்குவரத்து, வரி எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கன மீட்டர் எரிவாயுவுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். பிறகு அதே முறையில் மின்சாரத்தின் ஒரு யூனிட் விலையைக் கண்டு 2.9 ஆல் பெருக்குங்கள். இந்த இரண்டு தொகைகளுக்கும் உள்ள வேறுபாடுதான் உங்கள் சேமிப்பு. விற்பனையாளரின் வண்ணத்தாளில் உள்ள விழுக்காட்டை மறந்துவிடலாம். 2025 ஏப்ரல் 1 அன்று நுகர்வோருக்கான கார்பன் கட்டணம் நீக்கப்பட்டதால், அதுவரை ஒவ்வொரு கன மீட்டருக்கும் ஏறியிருந்த 15 சதத்துக்கு மேற்பட்ட தொகை இறங்கிவிட்டது. அதற்கு முன் போட்ட கணக்கை யாராவது உங்களிடம் காட்டினால் அது இன்று செல்லாது.

எரிவாயு இணைப்புள்ள வீட்டில், துளையிடும் செலவோடு 30,000 டொலரைத் தாண்டும் ஒரு முதலீட்டைச் சேமிப்பால் மட்டும் ஈடுகட்டுவது மிகக் கடினம் என்பது என் கணிப்பு. அடுப்பையும் வெந்நீர்த் தொட்டியையும் மின்சாரத்துக்கு மாற்றி எரிவாயு இணைப்பையே துண்டித்தால், மாதந்தோறும் வரும் நிலையான கட்டணமும் போகும். அப்போது கணக்கு சற்று நிமிரும். எண்ணெய், புரொப்பேன், அல்லது சுவரடி மின் ஹீட்டர் ஆகியவற்றை நம்பியிருக்கும் வீடுகளின் நிலை முற்றிலும் வேறு. மின் ஹீட்டர் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் வெப்பமே தரும் என்பதால், அங்கே வெப்பமூட்டும் செலவு மூன்றில் ஒரு பங்காகக் குறைவதில் மிகை ஏதுமில்லை.

எங்கள் பின்வளவு சிறியது. துளையிட முடியுமா?

ஒன்றரை, இரண்டு மீட்டர் ஆழத்தில் குழாய்களைக் கிடையாகப் புதைக்கும் முறைக்கு விசாலமான நிலம் தேவை. அது நகருக்கு வெளியே, பண்ணை வீடுகளுக்குத்தான் பொருந்தும். நகரத்தில் செங்குத்துத் துளையே வழி. ஒரு டன் (ஹீட் பம்பின் திறனை அளக்கும் அலகு) கொள்ளளவுக்குச் சுமார் 45 முதல் 60 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொண்டால், மூன்று டன் தேவைப்படும் வீட்டுக்கு இரண்டு மூன்று துளைகள் வரும். அவை ஒன்றின் வெப்பத்தை மற்றொன்று பறிக்காமலிருக்க இடையே ஐந்தாறு மீட்டர் இடைவெளி வேண்டும். துளையிடும் வண்டி உள்ளே வருவதற்குப் பாதை இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். வீட்டுக்கும் வேலிக்கும் இடையே ஒரு மீட்டர் சந்து மட்டுமே இருந்தால், முன்புற வாகனப் பாதையில் துளையிட வேண்டியிருக்கும். வேலை நடக்கும் நாட்களில் சாம்பல் நிறச் சேறு நிறைய வெளியேறும். அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள் என்பதும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

நிலத்துக்குள் எரிவாயு தட்டுப்படும் ஆபத்தைக் கருதி, 5 மீட்டரைத் தாண்டும் செங்குத்து மூடிய சுற்றுகளுக்கு (குழாய்க்குள்ளேயே திரவம் சுழலும் அமைப்புகளுக்கு) ஒன்ராறியோ 2012 முதல் சுற்றுச்சூழல் அனுமதியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்த அனுமதி தங்களிடம் உண்டா என்றும், இத்தகைய அமைப்புகளுக்கான கனடியத் தரமான சி.எஸ்.ஏ. சி448 இன்படி வடிவமைக்கிறீர்களா என்றும் நிறுவனத்தாரிடம் கேளுங்கள். பதில் தயங்கித் தயங்கி வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

போன வருடம் ஹீட் பம்ப் வைத்தோம். வரும் காற்று சூடாகவே இல்லை. சீட்டும் கூடியிருக்கிறது. இயந்திரம் பழுதா?

பெரும்பாலும் இயந்திரத்தில் பழுது இருக்காது; பழைய ஃபர்னஸுக்குப் பழகிய வழக்கமே காரணமாக இருக்கும். எரிவாயு ஃபர்னஸ் 50 பாகைக்கு மேற்பட்ட காற்றைச் சிறிது நேரம் வேகமாகத் தள்ளிவிட்டு ஓய்வெடுக்கும். ஹீட் பம்ப் தரும் காற்று 35 முதல் 40 பாகைதான். அது மெதுவாக, நெடுநேரம் ஓடியே வீட்டைச் சூடாக வைத்திருக்கும். காற்றுத் துவாரத்தின் முன் கையை வைத்துப் பார்த்தால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். கூடத்தின் வெப்பநிலை, நீங்கள் தெர்மோஸ்டாட்டில் வைத்த குறியளவில் நிற்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

சீட்டுக் கூடியதற்குக் காரணம் தெர்மோஸ்டாட்டில் இருக்கக்கூடும். படுக்கப் போகும்போது 17 பாகைக்கு இறக்கி, காலையில் 22 க்கு ஏற்றுகிறீர்களா? ஃபர்னஸ் இருந்த காலத்தில் அது நல்ல சிக்கனம். இப்போதோ, காலையில் ஐந்து பாகையை ஒரே மூச்சில் ஏற்றச் சொன்னால், ஹீட் பம்ப் தனியே எட்டமுடியாமல் உள்ளே இருக்கும் துணை மின் ஹீட்டர் விழித்துக்கொள்ளும். பத்துக் கிலோவாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் எரிந்தால் பத்து யூனிட் போயிற்று. தெர்மோஸ்டாட் திரையில் 'ஆக்ஸ்' என்ற எழுத்து காலை ஆறரை மணிக்குத் தெரிகிறதா என்று ஒரு வாரம் பாருங்கள். தெரிந்தால், இரவும் பகலும் ஒரே அளவில், அல்லது ஒரு பாகை வேறுபாட்டில் விட்டுவிடுங்கள். பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருப்போரும் அதே டக்ட் குழாயைப் பகிர்ந்துகொண்டு, அங்கே குளிர்கிறது என்று நீங்கள் மேல்மாடியில் குறியளவை ஏற்றிக்கொண்டே போகும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதற்குத் தீர்வு பேஸ்மென்ட்டின் காற்றுத் துவாரங்களைச் சமப்படுத்துவதும், அடிச்சுவர் விளிம்பில் காற்று புகும் இடைவெளிகளை அடைப்பதுமே.

இன்னொன்று. 2023 மே மாதம் ஒன்ராறியோவில் அறிமுகமான மிகக் குறைந்த நள்ளிரவுக் கட்டணத் திட்டத்தில் நீங்கள் சேர்ந்திருக்கக்கூடும். தொடக்கத்தில் இரவு 11 முதல் காலை 7 வரை யூனிட் 2.4 சதம், வார நாட்களில் மாலை 4 முதல் இரவு 9 வரை 24 சதம், அதாவது பத்து மடங்கு. சதங்கள் பின்னர் மாறினாலும், மாலையை விலையுயர்ந்ததாகவும் இரவை மலிவாகவும் வைக்கும் அமைப்பு அதேதான். விடிவதற்குள் ஒரு பாகை கூடுதலாகவும் பிற்பகல் மூன்றரைக்குள் இன்னொரு பாகை கூடுதலாகவும் ஏற்றிவைத்துவிட்டு, மாலை ஐந்து மணி நேரத்தை வீட்டின் தேக்க வெப்பத்தில் கழிக்கப் பழகியவர்களுக்கு இத்திட்டம் பலன் தரும். மாலையில் துணை ஹீட்டர் எரியும் வீட்டுக்கு அது தண்டனை.

நிலத்தைத் தோண்டாமல், காற்றிலிருந்தே வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப் போதாதா?

தெற்கு ஒன்ராறியோவில் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். கடுங்குளிருக்கென வடிவமைத்த வகைகள் சுழியத்துக்குக் கீழே 25 பாகையிலும் ஓடும். அந்நிலையில் செயல்திறன் 2 க்கு அருகே இறங்கிவிடும் என்றாலும், அத்தகைய இரவுகள் ரொறன்ரோவில் ஆண்டுக்குச் சிலவே. விலையோ நிலத்தடி அமைப்பின் விலையில் ஒரு பகுதிதான். நிலத்தடி முறையின் வலிமை அந்தச் சில இரவுகளிலும், நெடுங்கால ஆயுளிலும் இருக்கிறது: புதைத்த பொலித்தீன் குழாய்கள் ஐம்பது ஆண்டுகளைக் கடந்தும் நிற்கும், உள்ளே இருக்கும் இயந்திரம் மழை பனி படாமல் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும். பத்து ஆண்டில் வீட்டை விற்கும் எண்ணம் இருந்தால் காற்று முறையைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

கூரையில் சோலார் வைத்தால் குளிர்கால வெப்பமூட்டல் இலவசமாகுமா?

ஆகாது. ரொறன்ரோவில் ஒரு கிலோவாட் பலகை ஆண்டுக்கு ஏறக்குறைய 1,150 யூனிட் தரும். ஆனால் அதில் பெரும்பகுதி ஏப்ரலுக்கும் செப்டெம்பருக்கும் இடையே வந்துவிடும். வெப்பத்துக்கு மின்சாரம் மிகுதியாக வேண்டிய டிசம்பரிலும் சனவரியிலும் பகல் குறுகியது, சூரியன் தாழ்ந்தது, பலகை மேல் பனி. இந்த இடைவெளியை நிரப்புவது பேட்டரி அல்ல, நெட் மீட்டரிங். கோடையில் மிகுந்ததை மின்கம்பிக்குக் கொடுத்து வரவு வைத்து, அதை 12 மாதங்களுக்குள் பயன்படுத்த ஒன்ராறியோ விதி அனுமதிக்கிறது. 2025 சனவரியில் தொடங்கிய மாகாண மானியத் திட்டத்தில் கூரைச் சோலாருக்கும் உதவி உண்டு. ஆனால் அந்த உதவியைப் பெற்றால் நெட் மீட்டரிங்கில் சேர முடியாது என்ற நிபந்தனையோடு வந்தது அது. ஹீட் பம்ப் வைத்த வீட்டுக்கு நெட் மீட்டரிங் விலைமதிப்பு மிக்கது. மானியக் காசோலையைப் பார்த்து அதை விட்டுவிடாதீர்கள்.

கூட்டாட்சி அரசின் வட்டியில்லாத 40,000 டொலர் கடன் திட்டம் 2025 அக்டோபர் 1 முதல் புதிய விண்ணப்பங்களை ஏற்பதில்லை. "இன்னும் இருக்கிறது, நாங்கள் எடுத்துத் தருகிறோம்" என்று சொல்பவர் யாராயினும் எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

வீட்டு வாசலுக்கு வந்தவரிடம் என் தந்தை வெப்பமூட்டும் கருவிக்கான பத்தாண்டு வாடகை ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டுவிட்டார். என்ன செய்வது?

அழைக்காமலே வீட்டு வாசலில் வந்து ஃபர்னஸ், குளிரூட்டி, வெந்நீர்த் தொட்டி போன்றவற்றுக்கு ஒப்பந்தம் போடுவதை ஒன்ராறியோ 2018 மார்ச் 1 முதல் தடை செய்திருக்கிறது. நீங்களே அழைத்து வீட்டில் வைத்து எழுதிய ஒப்பந்தமானாலும், அதன் எழுத்துப் பிரதி கிடைத்த நாளிலிருந்து பத்து நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் விலக உரிமை உண்டு. விலகல் கடிதத்தை இன்றே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, மாகாண நுகர்வோர் பாதுகாப்புத் துறையிடம் முறையிடுங்கள். முன்பு இத்தகைய நிறுவனங்கள் வீட்டு உறுதியின் மேல் பிணை உரிமையைப் பதிந்துவைத்து, வீட்டை விற்கும் நாளில் பல ஆயிரம் டொலர் கேட்டன. நுகர்வோர் பொருட்களுக்கு அவ்வாறு பதிவதை 2024 இல் சட்டம் நிறுத்தியது. ஆனாலும் வழக்கறிஞர் ஒருவரைக்கொண்டு உங்கள் தந்தையின் காணிப் பதிவைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இலண்டன் ஹரோவில் தொடர்வீடு ஒன்றில் இருக்கிறோம். 7,500 பவுண் உதவி கிடைக்குமாம். மாற்றலாமா?

பிரித்தானிய அரசின் பொயிலர் மாற்றத் திட்டத்தின் உதவித்தொகை 2023 அக்டோபரில் 7,500 பவுண் ஆக்கப்பட்டது. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் காற்று, நிலம் இரு வகைகளுக்கும் அது பொருந்தும். ஆனால் அங்கே ஒரு யூனிட் மின்சாரம் எரிவாயுவைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு விலை. 88 விழுக்காடு திறனுள்ள பொயிலரையும் 3.5 மடங்கு திறனுள்ள ஹீட் பம்பையும் ஒப்பிட்டால், இந்த விலையில் இரண்டும் சமமாக வந்து நிற்கும். எனவே திறனை 3.5 க்கு மேல் கொண்டுபோவதில்தான் உங்கள் லாபம் இருக்கிறது. ரேடியேட்டர்களைப் பெரிதாக்கி 40 பாகை நீரிலேயே வீடு சூடாகும்படி செய்தால் அது நடக்கும். பழைய சிறிய ரேடியேட்டர்களுக்கு 60 பாகை நீரை ஊற்றினால் நட்டம். இதை இப்போதே சோதிக்கலாம்: உங்கள் பொயிலரின் நீர் வெப்பநிலையை 50 க்கு இறக்கிவிட்டு, ஒரு குளிர் வாரம் வீட்டில் இருந்து பாருங்கள். எந்த அறை குளிர்கிறதோ, அந்த அறையின் ரேடியேட்டரும் சன்னலும்தான் முதலில் கவனிக்க வேண்டியவை.

சென்னையில் அம்மா அப்பா வீட்டுக்கு நிலத்தடிக் குளிர்ச்சியைப் பயன்படுத்தி ஏசி செலவைக் குறைக்க முடியுமா?

மண்ணின் ஆழ வெப்பநிலை அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். தில்லிக்கு அருகே, குவால் பஹாடியில் உள்ள டெரி என்ற ஆற்றல் ஆய்வு நிறுவனத்தின் பயிற்சி வளாகம் நிலத்தடிச் சுரங்கக் குழாய்கள் வழியே காற்றை இழுத்துக் குளிர்விக்கிறது. அங்கே கோடையில் காற்று 45 பாகையைத் தொடுவதால் அது பயன் தருகிறது. சென்னை மண்ணோ 28, 29 பாகை. மே மாத இரவுக் காற்றும் அதே அளவுதான். மேலும் அங்கே தொல்லை ஈரப்பதம். குழாய்க் காற்று அதைப் போக்காது. ஆகவே துளையிடுவதில் பணத்தைப் போடாதீர்கள்.

மொட்டைமாடிக்கு வெயில் எதிரொளிக்கும் வெள்ளைப் பூச்சு, ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் ஏசி, அதன்பின் சோலார் என்ற வரிசையில் போங்கள். பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் மானியம் உண்டு. அங்கே ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரி நான்கு யூனிட் தரும். இரண்டு மாதக் கணக்கெடுப்பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறி, கீழ் அடுக்குச் சலுகையும் பறிபோகிறது. எனவே 650 யூனிட் ஓடும் வீட்டுக்கு, முழுத் தேவைக்கும் பலகை வைக்காமல் ஒரு கிலோவாட் வைத்தாலே 240 யூனிட் குறைந்து, கணக்கு 500 க்குள் வந்துவிடும்.